பன்னிரண்டு பேர் ஏறும் ஜீப்

தங்கராசு அண்ணன் ஒரு வார இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் ஸ்டூடியோ வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்ற இடத்திலேயே நடுப்பக்கத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, இதுல ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறது நான்தான?"

"நீங்கதாண்ணே."

"இருவத்துமூணு பேருன்னு போட்டுருக்காக. என் வண்டியில இருவத்துமூணு பேரு என்னிக்குத் தம்பி போனாக?"

என்றைக்கும் போனதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பத்திரிகைக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். "உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்றேன். அவர் இதழைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டோ கிளப் பிள்ளைகள், தெருவில் படம் எடுப்பதைப் பற்றி எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டார்கள். லென்ஸ், அபர்ச்சர், வெளிச்சம் இதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே கிடைக்கிறது. நான் எழுதித் தர வேண்டியது என்று பார்த்தால் இந்த ஒரு விஷயம்தான் மிஞ்சுகிறது. இதில் நான் பெருமைப்பட ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. ஸ்டாண்டில் முதல் நாள்

தொண்ணூற்றாறில் கம்பத்தில் ஸ்டூடியோ போட்டேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுநன்மை, பாஸ்போர்ட் சைஸ். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கிழவர் என்று கறுப்பு வெள்ளையில் அங்கே தொங்கிய படங்களைப் பார்த்ததும், நாம் எடுப்பதெல்லாம் படமா என்று தோன்றியது. மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களைச் 'சிரிங்க சிரிங்க' என்று சொல்லி எடுத்து எடுத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது.

எங்கள் ஊரில் தெருப்படம் எடுக்க வேண்டுமென்றால் ஜீப் ஸ்டாண்டை விட்டால் இடமில்லை. கம்பம்மெட்டு ஏறினால் கேரளா. மேலே அத்தனையும் ஏலக்காய்த் தோட்டம். வேலை அங்கே, வேலைக்காரர்கள் இங்கே. காலை ஆறு மணிக்குப் பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாளுமாக வந்து நிற்பார்கள். டிரைவர்கள் "கேறு, கேறு" என்று மலையாளத்தில் ஏறச் சொல்லி விரட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேர் ஏறுவார்கள். பின் கதவில் கால் வைக்க நாலு விரலுக்கு இடமிருந்தால் அங்கேயும் ஒரு ஆள் நிற்கும். தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய், மாலையில் மாநிலம் விட்டு மாநிலம் வருகிற ஜனம்.

முதல் நாள் கேமராவைத் தூக்கியதும் சுருளிப்பட்டி செல்லத்தாயி அக்கா பிடித்துக்கொண்டது. நாற்பது வயதிருக்கும். அந்த ஸ்டாண்டில் அதன் வாய்க்குப் பயப்படாத டிரைவர் இல்லை.

"ஏய்யா, இங்கன என்ன கல்யாணமா நடக்குது? மூஞ்சியக்கூடச் சரியாக் கழுவாம ஓடியாந்துருக்கோம், இதப் போயி புடிக்கிறீக. தீவாளிக்கு நல்ல சேலை கட்டிட்டு வாரோம், அன்னிக்கு எடுங்க."

கூட்டமே சிரித்தது. நான் அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். எடுத்த படங்களை போஸ்ட் கார்டு சைஸில் பிரிண்ட் போட்டு ஆளாளுக்குக் கொடுத்தேன். நாலைந்து மாதத்தில் என்னைக் கண்டால் யாரும் முந்தானையைச் சரிசெய்துகொள்வதில்லை. தெருப்படக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வரம் வேண்டும்? அந்த ஸ்டாண்டில் ஐந்தாறு வருடம் நான் நிஜமாகவே நல்ல படங்கள் எடுத்தேன். அதைச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் உண்மை அதுதான்.

2. பன்னெண்டு

அந்த ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டி மட்டும் நிரம்பி வழியாது. அது தங்கராசு அண்ணனின் வண்டி. அவரும் சுருளிப்பட்டிக்காரர். வண்டி கம்பத்தில் ஒருவருக்குச் சொந்தம், ஓட்டுவது இவர். ஆர்.சி. புத்தகத்தில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறதாம். அந்த வரியை அந்த ஸ்டாண்டில் வாசித்த ஒரே டிரைவர் அவர்தான் என்று மற்றவர்கள் நக்கலடிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பின்பக்கம் வந்து விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணுவார். பதின்மூன்றாவது தலை அவருடைய சொந்தக்காரியாக இருந்தாலும் இறக்கிவிட்டுவிடுவார்.

"அடுத்த வண்டியில போ ஆத்தா."

"ஒரே ஒரு ஆளுதானய்யா. ஒட்டி உக்காந்துக்கிறோம்."

"ஒட்டி உக்காந்தா ஒன் எடை கொறஞ்சுருமா? பிரேக்க மிதிக்கிறது என் காலு. அது பன்னெண்டு பேருக்குத்தான் கேக்கும்."

இதனாலேயே அவருக்குப் 'பன்னெண்டு' என்று பெயர். "ஏலே, பன்னெண்டு வந்துருச்சா?" என்றுதான் ஸ்டாண்டில் கேட்பார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. அவர் மகள் சடங்குக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். ஆல்பத்தை வாங்கிப் புரட்டியவர், "எத்தனை படம்?" என்று கேட்டு, நான் சொன்ன எண்ணிக்கை சரியா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

செல்லத்தாயி அக்கா ஐந்து மணிக்கே எழுந்து ஓடிவருவது அந்தப் பன்னிரண்டில் ஒரு இடம் பிடிக்கத்தான். "இந்த வண்டியில போனா மெட்டு ஏறுற வரைக்கும் கண்ணசரலாம் தம்பி. மத்த வண்டியில சாமியக் கும்புட்டுக்கிட்டே போகணும்" என்று ஒருமுறை சொன்னது.

3. "சிரிக்காதீக ஆத்தா"

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் வார இதழ் ஒன்றிலிருந்து போன் வந்தது. என் படங்களை யாரோ காட்டியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளிகள் ஜீப்பில் அடைத்துச் செல்லப்படுவதைப் பற்றிக் கட்டுரை வருகிறது. "நடுப்பக்கத்துக்கு ஒரே ஒரு படம் வேணும் சார். பார்த்தவுடனே பக்குன்னு இருக்கணும். திங்கட்கிழமைக்குள்ள வேணும்" என்றார் ஆசிரியர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோவைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு ஸ்டாண்டே கதி என்று கிடந்தேன்.

முதல் நாள் எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. நிரம்பிய வண்டிகள் நிற்பதே இல்லை. நான் லென்ஸைத் திருப்புவதற்குள் கடந்துவிடும். ஒரு டிரைவர் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினான், ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பிரிண்டில் எல்லாம் கலங்கல். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்று எடுத்து மதுரைக்கு அனுப்பினால்தான் திங்கட்கிழமைக்குப் போகும்.

அன்று மழை விட்டு ரோடு நனைந்து கிடந்தது. நல்ல வெளிச்சம். ஒரு ஜீப்புக்கு டயர் பஞ்சர். அதில் போக வேண்டிய பெண்கள் பதினோரு பேர் ஓரமாக நின்றார்கள். பக்கத்தில் தங்கராசு அண்ணன் தன் பன்னிரண்டு பேரை ஏற்றி எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டும் பதினொன்றும் இருபத்துமூன்று. அந்தக் கூட்டல் என் தலைக்குள் ஓடியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு நிமிசம். இவுகளையும் ஒங்க வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு படம் எடுத்துக்கிறேன்."

"எதுக்குத் தம்பி? என் வண்டியிலயா?"

"வண்டி நகர வேணாம்ணே. நின்ன எடத்துலயே. எடுத்த ஒடனே எறங்கிருவாக."

"மத்தவன் வண்டியெல்லாம் அப்படித்தான போகுது, அத எடுக்க வேண்டியதுதான?"

"அவங்க எங்கண்ணே நிக்கிறாங்க?"

நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். தப்புச் செய்கிறவன் ஒருவனும் எனக்காக நிற்கவில்லை. ஒழுங்காகப் போகிற மனிதர் நின்றார். நின்றவரைப் பிடித்து நான் படத்துக்குள் போட்டேன்.

மகள் ஆல்பத்தை நினைத்தோ என்னவோ, சரி என்று தலையாட்டினார். பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து ஏறினார்கள். இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர்களுடைய தூக்குவாளிகளைத் தங்கராசு அண்ணன் இரண்டு கைகளிலும் வாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். அதையும் ஒரு கிளிக் எடுத்தேன். கை பழக்கம். ரோலில் பதினேழாவது பிரேம் அது.

"அண்ணே, வாளியெல்லாம் கீழ வச்சுட்டு ஸ்டியரிங்ல உக்காருங்க. இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, கொஞ்சம் பொகை வரட்டும்."

அவர் உட்கார்ந்தார். பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்காதீக ஆத்தா. கஷ்டப்படுற மாதிரி இருங்க."

செல்லத்தாயி அக்கா பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "கஷ்டப்படுறதுக்கு நாங்க நடிக்கணுமாக்கும்? நல்லாருக்குய்யா ஒங்க பொழப்பு" என்றது. மறுபடியும் சிரிப்பு. மேலே போக நேரமாகிறதே என்று யாரோ ஒருத்தி சலித்துக்கொள்ள, ஒரு கணம் எல்லார் முகமும் இறுகியது. அழுத்தினேன். பதினெட்டாவது பிரேம்.

தரையோடு உட்கார்ந்து இருபத்தெட்டு எம்.எம். லென்ஸில் எடுத்தது. கீழே நம்பர் பிளேட் முழுசாகத் தெரிந்தது. வியூ பைண்டரில் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிரேமின் கீழ்ப்பாகம் காலியாக இல்லாமல் அது நன்றாகப் பொருந்துகிறது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினைக்கவில்லை.

பதினோரு பேரும் இறங்கினார்கள். தங்கராசு அண்ணன் இறங்கிவந்து மறுபடியும் விரலை நீட்டிப் பன்னிரண்டு எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் போனில் கத்தினார். "பிரமாதம் சார்! ஓடுற வண்டியை எப்படி சார் இவ்வளவு ஷார்ப்பா எடுத்தீங்க?"

"வளைவுல காத்துக்கிட்டிருந்தேன் சார். வந்துச்சு, எடுத்தேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

4. சட்டைப் பையில் இருந்தது

படம் வந்த மூன்றாவது நாள்தான் தங்கராசு அண்ணன் என் வாசலில் வந்து நின்றது. அடுத்த வாரம் அதிகாரிகள் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். ஒரு பதினைந்து நாள் எல்லா வண்டிகளும் ஒழுங்காகப் போயின. ஆனால் நடவடிக்கை என்று ஒன்று எடுக்க வேண்டுமே. கையில் அச்சடித்து இருந்தது ஒரே ஒரு நம்பர்தான். அந்த வண்டிக்கும் அந்த லைசென்ஸுக்கும் நோட்டீஸ் வந்தது. தேனியில் விசாரணை.

இதற்கு நடுவில் மதுரையில் ஒரு போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்து, சால்வை போர்த்தி, ஷீல்டு கொடுத்தார்கள். ஷீல்டை ஸ்டூடியோ ஷோகேஸில் வைத்திருந்தேன். அதன் முன்னால் நின்றுதான் தங்கராசு அண்ணன் என்னிடம் கேட்டார்.

"தம்பி, செல்லத்தாயிலாம் வந்து சொல்றேன்னுதான் சொல்லுது. ஆனா டிரைவருக்குச் சாதகமாத்தான் பேசுவாகன்னு ஆபீசுல ஒதுக்கிருவாக. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வண்டி நின்னுச்சு, நான்தான் ஏறச் சொன்னேன்னு."

"கண்டிப்பா வந்து சொல்றேண்ணே."

"எனக்கு வேற கைத்தொழில் தெரியாது தம்பி."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்லண்ணே."

சொல்வதாகத்தான் இருந்தேன். அந்தப் பதினேழாவது பிரேம் இருக்கிற நெகட்டிவ் துண்டை வெட்டி, கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தேனி பஸ் ஏறினேன். பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறுவதும், டிரைவர் கை நிறையத் தூக்குவாளியோடு கீழே நிற்பதும் அதில் தெளிவாக இருந்தன. அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அறைக்குள் போனதும் விசாரணை அதிகாரி எழுந்து எனக்குக் கை கொடுத்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் படத்தை வெட்டி வைத்திருந்தார். "நீங்கதானா அது? எவ்வளவு தைரியமான வேலை! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்" என்றார். சுவரோரம் தங்கராசு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சும்மா ஒரு பார்மாலிட்டிக்குக் கேக்குறேன். நடந்ததை நடந்தபடி எடுத்த படம்தானே இது?"

தங்கராசு அண்ணன் என்னைப் பார்த்தார். என் கை சட்டைப் பை வரைக்கும் போனது. போட்டி, ஷீல்டு, இதழ், அடுத்து ஒரு படக்கட்டுரை தருவதாக ஆசிரியர் சொன்னது எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கையை இறக்கிக்கொண்டேன்.

"கண்ணு முன்னால பாத்ததத்தான் சார் எடுத்தேன்."

என்ன சாமர்த்தியமான வாக்கியம் பாருங்கள்! ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கண் முன்னால்தான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தங்கராசு அண்ணன் சண்டை போடவில்லை. "சார், தம்பி சொன்னது..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். கம்பம் பஸ்ஸில் நான் முன் சீட்டிலும் அவர் பின் சீட்டிலும் வந்தோம். நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். வண்டிச் சொந்தக்காரர் ஆறு மாதம் காத்திருப்பாரா? வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்துத் தங்கராசு அண்ணன் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "நீதான அந்த இருவத்துமூணு?" என்று சிரித்து அனுப்பினார்களாம். ஸ்டாண்டில் அவருடைய பட்டப்பெயரே மாறிப்போனது. சாலைப் பாதுகாப்பு என்று சொல்லி அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள். அவர் மகள் படித்த பள்ளிக்கூடத்திலும் வைத்தார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுததைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் சாப்பிட்டேன். மனுசன் சாப்பிட்டுவிடுகிறான்.

5. "இப்ப வந்து எடுங்க"

ஒரு நாள் சாயங்காலம் செல்லத்தாயி அக்கா தோட்டத்திலிருந்து இறங்கிய கையோடு, ஏலக்காய்க் கறை படிந்த கையோடு, ஸ்டூடியோவுக்குள் வந்தது. ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அது கவலைப்படவில்லை.

"போட்டோக்காரரே, நாளைக்குக் காலையில ஸ்டாண்டுக்கு வாங்க."

"என்னக்கா?"

"பன்னெண்டு ஓட்டுன வண்டியில இப்பப் புது ஆளு ஓட்டுறான். இன்னிக்கு எத்தனை பேரு தெரியுமா? இருவத்தோரு பேரு. நான் பின்னால ஒத்தக் கால்ல நின்னுட்டு வந்தேன். வாங்க, இப்ப வந்து எடுங்க. இப்ப ஒருத்தரும் நடிக்க வேணாம்."

சொல்லிவிட்டு ஷோகேஸில் இருந்த ஷீல்டை ஒரு பார்வை பார்த்தது. "இது வேறயாக்கும்" என்றது. போய்விட்டது. கல்யாண வீட்டார் முன்னால் நான் கூனிக் குறுகிப்போனேன்.

என் படம் பொய் என்றேன் அல்லவா? அது அச்சாகி நாலைந்து மாதத்துக்குப் பிறகு உண்மையாகிவிட்டது. அதே நம்பர், அதே வண்டி, அதே பெண்கள். ஆளை மாற்றியது மட்டும் என் படம்.

நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஷீல்டை எடுத்துப் பரணில் போட்டேன். அந்த இதழுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தெருப்படம் எடுப்பதையே விட்டேன். மறுபடியும் கல்யாணம், சடங்கு, 'சிரிங்க சிரிங்க'. இதுதான் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது, கேவலம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனம் செய்வோம். ஆறு வருடம் வேறு ஏதேதோ சின்னச் சின்னப் பாவங்களைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு, ஏழாவது வருடம் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர், "இதை எனக்குச் சொல்ல ஏழு வருசமா? அந்த டிரைவர் வீடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"சுருளிப்பட்டி சாமி. பத்து நிமிசம்."

"அப்ப போய்ட்டு வாங்க" என்றார். ஜெபம் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

6. திராட்சைப் பந்தலுக்கு அடியில்

தங்கராசு அண்ணன் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நேரம். கையில் கத்தரியோடு பந்தலுக்கு அடியில் நின்றார். பந்தல் தாழ்வு. அதற்கு அடியில் தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

சொன்னேன். தேனிக்குப் போன அன்று சட்டைப் பையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். பதினேழாவது பிரேமைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். கத்தரியை இடுப்பில் செருகிவிட்டு, கையை வேட்டியில் துடைத்து, வாங்கிப் பார்த்தார். எல்லாத் தலையையும் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"இது அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"பையில?"

"பையிலதாண்ணே."

"ம்" என்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு கொடியைக் கத்தரித்தார். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. எம் பேரு போனது அங்கன, ஸ்டாண்டுல. அங்கன போயிச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஏழு வருடத்துக்குப் பிறகு, ஸ்டாண்டுக்குப் போனேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பாவத்தைச் சொல்லப் போகிறவன் கேமராவோடு போகலாமா என்று ஒரு நினைப்பு. டிரைவர்கள் எல்லாம் புது முகம். பெண்களிலும் பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. பிரிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "தங்கராசு அண்ணனப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"எந்தத் தங்கராசு?" என்றான் ஒரு டிரைவர்.

"இருவத்துமூணு தங்கராசச் சொல்றாருடா" என்றான் இன்னொருவன்.

"இல்ல, பன்னெண்டு. அவரு பேரு பன்னெண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் நேரமாகிறது என்று வண்டியில் ஏறிக்கொண்டே கேட்டார்கள். பிரிண்ட் கை மாறிக் கை மாறிப் போனது. அதில் இருந்த செல்லத்தாயி அக்காவின் பழைய முகத்தைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அந்த அக்காவும் அங்கேதான் இருந்தது. முடி நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை.

"ஏழு வருசங் கழிச்சு வந்து சொல்றீகளே, அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

அதற்குள் டிரைவர் ஆரனை அடித்து, "கேறு, கேறு" என்றான். செல்லத்தாயி அக்கா ஓடிப்போய்ப் பின் கதவைப் பிடித்துத் தொற்றிக்கொண்டது. "வழிய விடுங்கண்ணே" என்று என்னை ஒதுக்கிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தான். பின்னாலேயே இன்னொன்றும் போனது. ஐந்து நிமிடத்தில் ஸ்டாண்டு காலி.

அங்கிருந்து நேரே சுருளிப்பட்டிக்குப் போனேன். மனதில் ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தங்கராசு அண்ணன் அதே பந்தலுக்கு அடியில்தான் இருந்தார்.

"சொல்லிட்டேண்ணே."

"எத்தனை பேரு இருந்தாக?"

"நாப்பது பேரு இருக்கும்ணே. எல்லாரும் கேட்டாக."

"வண்டி எத்தனை?"

"ரெண்டு."

கத்தரி நின்றது. "ரெண்டு வண்டிக்கு நாப்பது பேரா?"

"ஆமண்ணே."

"செல்லத்தாயி எங்கன உக்காந்துச்சு?"

"உக்காரல. பின் கதவுல தொத்திக்கிட்டுப் போச்சு."

"ஆத்தாடி!" என்றார். "அந்த வயசுக்கு அது தொத்திக்கிட்டுப் போகுது. நீங்க பாத்துக்கிட்டு நின்னீக. படம் எடுத்தீகளா?"

"இல்லண்ணே. கேமரா கொண்டு போகல. அந்தப் பழக்கத்தையே விட்டுட்டேன், அன்னியோட."

தங்கராசு அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை போனபோதும் வராத கோபம், தேனியில் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தபோதும் வராத கோபம்.

"எதுக்கய்யா விட்டீக? நின்ன வண்டியப் போயி எடுத்தீக, ஓடுற வண்டிய விட்டுட்டீக. ஏழு வருசமா தெனம் போகுதே, ஒரு நாளாச்சும் வந்து எடுத்தீகளா? எம் பேரக் கெடுத்ததுகூடப் பெருசில்ல. இதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீக பாருங்க, அதுதான்யா தப்பு."

நான் தலையைத் தூக்கவில்லை. பந்தலும் தூக்க விடாது. ஏழு வருடமாக நான் தண்டனை என்று நினைத்திருந்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வெட்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். செல்லத்தாயி அக்கா அன்று ஸ்டூடியோவுக்கு என்னைத் திட்ட வரவில்லை, வேலைக்குத்தான் கூப்பிட வந்தது.

கிளம்பும்போது அவர் பிரிண்டைத் திருப்பித் தரவில்லை. மடிக்காமல், ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்து, சோற்று வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிள்ளைகளே, பாடம் என்று நான் சொல்வதைவிட, நான் நடக்கத் தொடங்கியதும் அவர் பின்னாலிருந்து சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

"நாளைக்குக் கேமராவோட போங்க. நம்பரும் தெரியிற மாதிரி எடுங்க. ஒருத்தரையும் ஏறச் சொல்லாதீக தம்பி, அவுகளாத்தான் ஏறுவாக."